மழை விழுந்த தட்டு

நனைந்த கம்பளியின் வாசனையை அறியாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்லத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. மழையில் கொழுந்தெடுத்துவிட்டு அந்திக்கு லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பும் பெண்கள், தலையிலிருந்து முதுகு வரை போர்த்தியிருந்த கறுப்புக் கம்பளியை அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போட்டால், ஆட்டு வாடையும் விறகுப் புகையும் பச்சைத் தேயிலையின் கசப்பும் ஒன்றாகக் கிளம்பி வந்து, எங்கள் ஒற்றை அறைக் ‘காம்பரா’ வீட்டில் எங்களுக்கு இடமில்லாமல் நிறைந்து நிற்கும். அதே வாசனை அட்டன் டவுனில், இறைச்சிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஓர் அறைக்குள் நுழைந்தபோது மூக்கில் ஏறியதும், “டவுன்காரங்களும் நம்மளப் போலத்தான் நாறுறாங்க” என்று நான் சத்தமாகச் சொன்னேன். என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்த மாமா என் காதைத் திருகினார். அந்த அறையின் நாலு சுவரிலும் கூரைக்குக் கீழேயும் கிழிந்த கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் இரண்டாவது முறையாக உட்கார்ந்திருந்தேன். வாத்தியாருக்கு என்மேல் அவ்வளவு பிரியம்.

அறைக்குச் சொந்தக்காரர் சவரிமுத்து. எங்களைப் போல லயத்தில் பிறந்தவர்தான். சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டிப் பழகியவர். ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டாராம். நாற்காலிக்கும் கட்டிலுக்கும் எல்லாரும் அடித்துக்கொண்டபோது, தையல் மெசின் என்று நினைத்து யாரும் சீந்தாமல் விட்ட ஒரு பெட்டியை இவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் வழவழப்பான வெறுந்தட்டு ஒன்றை வைத்துச் சுழலவிட்டு, முன்னால் நின்று பாடினால், ஊசி அந்தப் பாட்டைத் தட்டில் கோடாகக் கீறிக்கொண்டே போகும். பிறகு எந்தக் கிராமபோனிலும் அதைப் போட்டுக் கேட்கலாம். கீறும்போது தட்டிலிருந்து கறுப்பு நூல் போலச் சுருள் சுருளாகக் கழன்று விழும். அதில் ஒரு கொத்தை எடுத்து மீசை வைத்துக்கொண்டு, நான் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு ஐயாவைப் போல வயிற்றைத் தள்ளி நடந்து காட்டியபோது சவரிமுத்து சிரித்துவிட்டார். பிறகு பதறிப்போய், “டேய், தீப்புடிச்சா ஒன் மூக்கு போயிரும்டா” என்று பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டார்.

வாசலில் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. எழுதியவர் ‘ஒலிப்பதிவு நிலையம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஒளிப்பதிவு நிலையம்’ என்று எழுதிவிட்டார். அதனால் சாமிமலையிலிருந்தும் வட்டகொடையிலிருந்தும் கல்யாண ஜோடிகள் தலை நிறையப் பூவும் முகம் நிறையப் பவுடருமாக மாடியேறி வந்து, “ஐயா, போட்டோ புடிக்கணும்” என்று நிற்பார்கள். “மொகத்தப் புடிக்க மாட்டேங்க, கொரலத்தான் புடிப்பேன்” என்று அவர் சொன்னதும், மாப்பிள்ளைமார் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள். நாலெழுத்து படித்தவர்கள் எவ்வளவோ சொல்லியும் அவர் அந்த எழுத்தை மாற்றவில்லை. எங்கள் வாயில் ஒலியும் ஒளியும் ஒரே மாதிரிதான் வரும். சுற்றுத் தோட்டமெல்லாம் அந்த இடத்துக்குக் ‘கொரல ஒளிக்கிற கடை’ என்றே பேராகிவிட்டது.

உள்ளே இன்னொரு அட்டை தொங்கும்: ‘மூச்சு விடலாம். இருமக் கூடாது.’ ஆனால் இருமலை விட அவருக்குப் பெரிய விரோதி மழைதான். கூரை தகரம். தூறல் விழுந்தாலே தலைக்கு மேல் பட்டாணி வறுபடுவது போலச் சத்தம் வரும். அவர் உடனே மெசினை மூடி வைத்துவிட்டு ஜன்னலில் போய் நின்று வானத்தை முறைப்பார். தகரக் கூரைக்குக் கீழே இப்படி ஒரு கடையை வைத்துக்கொண்டு, அட்டனில் இருந்துகொண்டு மழையோடு சண்டை பிடித்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். தமது தட்டுகளில் ஒரு பொட்டு மழைகூட விழுந்தது கிடையாது என்பதுதான் அவருடைய பெருமை. ஒவ்வொரு தட்டின் தொடக்கத்திலும் நெஞ்சை நிமிர்த்தி, “இது... அட்டன்... சவரிமுத்து... ஒலிப்பதிவு நிலையம்!” என்று தாமே அறிவிப்பார். இந்த மலையில் பாடுகிற பாட்டெல்லாம் ஒரு நாள் கொழும்பு ரேடியோவில் ஒலிக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. நான் அந்த அறிவிப்பைக் குளிக்கும் பீலிக்கரையிலும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலும் சொல்லிச் சொல்லித் திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை விட அதுதான் எனக்கு நன்றாக வந்தது.

அந்த முதல் தரம் நாங்கள் போனது மாமாவின் தப்புக் கோஷ்டியோடு. தப்பு என்றால் நெருப்பில் காய்ச்சி அடிக்கும் தோல் மேளம். முதல் அடியிலேயே மெசினின் ஊசி துள்ளித் தட்டைத் தாண்டிக் குதித்துவிட்டது. சவரிமுத்து அவர்களை வாசலுக்கு நகர்த்தினார், பிறகு படிக்கட்டுக்கு, பிறகு தெருவுக்கு. “அண்ணே, நீங்க அடிக்கிறது தப்பு, ஆனா இப்புடி அடிக்கிறது பெரிய தப்பு!” என்று ஜன்னலிலிருந்து கத்தினார். “ஐயா, அடுத்த ஸ்டேசனுக்குப் போயி அடிக்கவா?” என்று மாமா கீழேயிருந்து கேட்டார். கடைசியில் தெருவுக்கு அந்தப் பக்கத்தில் நின்றுதான் அடித்தார்கள். இறைச்சி வாங்க வந்தவர்கள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆடினார்கள்.

மாமாவின் மனைவி, என் அப்பாவின் தங்கச்சி, எங்கள் அத்தை. என் தங்கச்சி பாக்கியம் பிறந்த கையோடு எங்கள் அம்மா போய்விட்டதால், பிள்ளையில்லாத அத்தைதான் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்துக் காம்பராவிலிருந்து வளர்த்தாள். அவளுக்குத் தோட்டத்தில் வேலை ‘புள்ளக் காம்பரா’வில், தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும்; நாங்கள் தொட்டி என்போம். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து நடுவில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே பாடுவாள். எங்கள் லயத்தில் என் வயசுக்காரர்கள் எல்லாரும் அந்தக் கயிற்றில் தூங்கினவர்கள்தான். பாட்டு அவளே கட்டியது:

“கூடை நெறஞ்சாலும் வருவா ஒன் ஆத்தா – கொழுந்து
கொறஞ்சாலும் வருவா ஒன் ஆத்தா.”

வீட்டில் பாக்கியத்துக்குப் பாடும்போது மட்டும், வராத ஆத்தாவைச் சொல்ல வாய் வராமல், “வருவா ஒன் அத்தை” என்று மாற்றிக்கொள்வாள். பாடி முடித்ததும், “தூங்கிட்டியா?” என்று மெதுவாகக் கேட்பாள். பாக்கியம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “தூங்கிட்டேன்” என்று பதில் சொல்லுவாள். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து பாடுவாள். பதில் வராமல் போகும் வரைக்கும் பாட்டு நிற்காது. “தூங்கிட்டேன்னு சொல்ற பொணத்த இங்கதான் பார்க்கிறேன்” என்று நான் போர்வைக்குள்ளிருந்து கேலி செய்தால், “அடேய் கொரங்கு, ஒன் வாய்க்கு ஒரு தொட்டி கட்டணும்டா” என்று அத்தை சொல்லுவாள்.

பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த நாங்கள் யார், எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வி வந்து எல்லாருடைய தலையிலும் ஏறி உட்கார்ந்திருந்த காலம் அது. மாமா இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே லயத்தில் எங்கள் காம்பரா இலங்கை, அத்தையின் காம்பரா இந்தியா, நடுவில் ஒரு மண்சுவர். அந்தச் சுவரில் ஓட்டை இருந்தது. அதன் வழியாக நாங்கள் இந்தியாவுக்குச் சட்டியில் ரசம் அனுப்புவோம் என்று அப்பா கூடச் சிரிப்பார். ஒரு நாள் மாமாவுக்குப் புறப்படும் நாள் குறித்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பா அந்தப் பகிடியைச் சொல்லவில்லை.

பாக்கியத்துக்கு அத்தை பாடாமல் தூக்கம் வராது. அதுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பெரிய கவலையாக இருந்தது; கடல் தாண்டுவதை விட அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கொரல ஒளிக்கிற கடையை நினைவுபடுத்தியவர் மாமா.

புறப்படும் நாள் காலையில் ரயில். முந்தின நாள் மத்தியானம், கொட்டுகிற மழையில், அத்தை, மாமா, நான், பாக்கியம் நாலு பேரும் மலையிலிருந்து நடந்து இறங்கி அந்த மாடிக்குப் போனோம். பாக்கியம் பாதி வழியில் நடக்க முடியாமல் அழுததால், மிச்ச வழி மாமாவின் தோளில் வந்தாள்.

அத்தை உள்ளே போனதும் சுவரைத் தடவிப் பார்த்தாள். “என்னாங்க, கொரல ஒளிச்சு வைப்பீங்களாமே, நெசமா?”

“ஒளிக்கிறது இல்லம்மா. ஒலி. சத்தம்.”

“அதத்தாங்க நானும் கேக்குறேன். எங்க ஒளிப்பீங்க?”

சவரிமுத்து தட்டைக் காட்டினார். கொழும்பிலிருந்து வரவேண்டிய தட்டுகள் வரவில்லை, கையில் இருப்பது இந்த ஒன்றுதான் என்றார். பிறகு மேலே கையைக் காட்டினார். “மழை நிக்கட்டும்மா. இந்த எரைச்சல்ல புடிக்க மாட்டேன்.”

நாங்கள் காத்திருந்தோம். மழை நிற்கவில்லை. அவர் ஜன்னலில் நின்று முறைத்தார். அது இன்னும் பலத்தது.

“இன்னொரு நாளைக்கு வாங்களேன்” என்றார்.

“இந்த மழை நிக்கும்போது நாங்க இங்க இருக்க மாட்டோம்ங்க” என்றாள் அத்தை.

அவர் இன்னொரு தரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெசினின் மூடியை எடுத்தார். அப்போது அத்தை, “தொட்டி எங்க கட்டுறது?” என்று கேட்டாளே, அதில் மனுசர் ஆடிப்போனார்.

“தொட்டியா? பாட்டுதானம்மா வேணும்?”

“கையில கயிறு இல்லாம வாய் எப்புடிங்க தொறக்கும்?”

“சரி, சும்மா ஒரு தொட்டியக் கட்டி ஆட்டிக்கிட்டுப் பாடுங்க. புள்ள வேணாம். நடுவுல அழுதா தட்டுப் போச்சு.”

அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். “வெறுந்தொட்டிய ஆட்டப்படாதுங்க. புள்ளைக்கு வயித்துவலி வரும்.”

ஆக, மூட்டையிலிருந்து அத்தையின் பழைய சேலை வந்தது, விட்டத்தில் தொட்டி ஏறியது, நாலு வயசு தாண்டிய பாக்கியம் அதில் ஏறினாள். இரண்டு காலும் வெளியே தொங்கின. “கொழுந்துக் கூடைக்குள்ள எருமக்கன்னு” என்றேன். “இருமக் கூடாதுன்னு அட்டை போட்டேனே, இவன் வாயத் தொறக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கணும்” என்று சவரிமுத்து என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அவர் வழக்கமாகச் சொல்லும் அறிவிப்பை அன்றைக்குச் சொல்லவில்லை. மழை விழுந்த தட்டில் தமது பேர் இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். விரலைக் காட்டினார், ஊசி இறங்கியது.

அத்தை பாடினாள். தகரத்தில் மழை, விட்டத்தில் கயிறு உராயும் கிறீச், நடுவில் அவள் குரல். “கூடை நெறஞ்சாலும் வருவா ஒன் அத்தை” என்ற இடத்தில் மாமா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டார். அத்தையின் குரல் ஆடவில்லை. கயிறு பிடித்த கைக்கு ஏற்றபடி போய்க்கொண்டே இருந்தது. ஒரு முறை பாடி முடித்ததும், தினமும் போலக் குனிந்து, “தூங்கிட்டியா?” என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. நடந்த களைப்பும் கம்பளிச் சூடுமாக, பாக்கியம் முதல்தரம் பொய் சொல்லாமல் தூங்கியிருந்தாள்.

அத்தை கயிற்றை விட்டுவிட்டாள். தட்டில் இன்னும் பாதி இடம் மிச்சம். ஊசி கீறிக்கொண்டே போகிறது. சவரிமுத்து கண்ணை உருட்டி, இரண்டு கையாலும் காற்றைச் சுழற்றி, ‘பாடு, பாடு’ என்று ஊமைக் கூத்து ஆடினார். அத்தை அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, “உஷ்” என்றாள். அதுவும் தட்டில் ஏறியது. அதற்குப் பிறகு வெறும் மழை. ஊசி தட்டின் நடுவுக்கு வந்து முட்டும் வரைக்கும் மழை.

“என்னம்மா, பாதித் தட்டு மழையாப் போச்சே!” என்று அவர் தலையில் கை வைத்தார்.

“புள்ள தூங்கிருச்சுங்க. தூங்குன புள்ளைக்கு யாராவது பாடுவாங்களா?”

மறுநாள் காலையில், “எங்க போற?” என்று கேட்ட பாக்கியத்திடம், “கூடை நெறஞ்சதும் வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு அத்தை ரயிலுக்குப் போனாள்.

கிராமபோன் இருந்தது எங்கள் கணக்கப்பிள்ளை ஐயா வீட்டில். சவரிமுத்து கொடுத்துவிட்ட மூங்கில் ஊசிகளோடு அப்பா தட்டைக் கொண்டுபோனார். இரும்பு ஊசி போட்டால் இந்தத் தட்டு தேய்ந்துவிடும் என்று சவரிமுத்து சொல்லியனுப்பியிருந்தார். வராந்தாவில் பாக்கியத்தைப் பாயில் படுக்க வைத்து, தட்டைச் சுழலவிட்டார்கள். அத்தையின் குரல் வந்ததும் பாக்கியம் எழுந்து பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள். பாட்டு முடிந்தது. “தூங்கிட்டியா?”

“தூங்கிட்டேன்” என்றாள் பாக்கியம், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

சிரிப்பு வரவில்லை. பாட்டும் வரவில்லை. “உஷ்” என்று ஒரு சத்தம், பிறகு மழை. பாக்கியம் ஒரு கண்ணைத் திறந்தாள். “தூங்கிட்டேன்!” என்று இன்னும் சத்தமாகச் சொன்னாள். கணக்கப்பிள்ளை ஐயாவுக்கே பொறுக்கவில்லை. மறுபக்கத்தில் மிச்சம் இருக்குமோ என்று தட்டைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் யோசித்து வைத்திருந்தாள். தான் சொன்ன பொய்யை அத்தை நம்பிவிட்டாள் என்று அந்தச் சின்ன மூளைக்குப் பட்டிருக்கிறது. “தூங்கிட்டியா?” என்று தட்டுக் கேட்டதும், “இன்னும் தூங்கல அத்தை” என்று உண்மையைச் சொன்னாள்.

மழைதான் வந்தது.

“அத்தைக்கு நான் சொல்றது கேக்கல” என்று என்னைப் பார்த்தாள். 

அந்தத் தட்டு பிறகு எங்களுடையதாக இருக்கவில்லை. தாயோ அக்காவோ கப்பலேறிப் போன வீடுகளிலிருந்தெல்லாம் கணக்கப்பிள்ளை வராந்தாவுக்கு ஆட்கள் வந்தார்கள். “அண்ணே, அந்தப் பாட்ட ஒருக்காப் போடச் சொல்லுங்க” என்று அப்பாவிடம் கேட்பார்கள். அப்பா மாட்டேன் என்று சொல்ல முடியாதவர். மூங்கில் ஊசி தீர்ந்தது. இரும்பு ஊசி வந்தது. தட்டு தேயத் தேய, ‘ஒன் அத்தை’ என்பது ‘ஒன் ஆத்தா’ போலவே கேட்கத் தொடங்கியது. அது அவரவருக்கு வசதியாகப் போய்விட்டது. எல்லாரும் தங்கள் ஆத்தாவைக் கேட்டுக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்கள்.

மழை விழுந்த தட்டு சவரிமுத்துவின் கடையையும் மாற்றிவிட்டது. புறப்படுகிறவர்கள் எல்லாரும் அந்த மாடியேறத் தொடங்கினார்கள். அவர்கள் யாரும் பாட வரவில்லை. அவர் ரேடியோவுக்காகச் சேர்க்க நினைத்த பாட்டுக்குப் பதிலாக, “பசுமாட்ட வித்துறாத தம்பி”, “மம்பட்டி கதவுக்குப் பின்னால கெடக்கு”, “மாரியாத்தா கோயிலுக்கு ஒரு தேங்கா பாக்கி இருக்கு” என்று இப்படித்தான் தட்டுத் தட்டாக ஏறியது. மழை பெய்தாலும் பிடித்தார், ரயில் காத்திருக்காதே. அறிவிப்பை மட்டும் விடவில்லை என்றாலும் அதில் பழைய கம்பீரம் இல்லை என்று, அதைப் போலவே பேசிக் காட்டுகிற எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு கொழும்பிலிருந்து வெறுந்தட்டு வருவது அடியோடு நின்றது. தட்டில்லாமல் என்ன செய்வார்? ஒரு நாள் கம்பளிகளையெல்லாம் ஆணி பிடுங்கி எடுத்து, இறைச்சிக் கடை வாசலில் குளிரில் படுத்திருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மன்னார்ப் பக்கம் என்றார்கள். மெசின் பழைய இரும்போடு போனதாகச் சொன்னார்கள்.

அந்த மாடியில் இப்போது சலூன் இருக்கிறது. கம்பளி தொங்கிய நாலு சுவரிலும் கண்ணாடி. உட்கார்ந்தால் நாலு பக்கமும் என் முகம்தான். ‘ஒளிப்பதிவு’ என்று அன்றைக்குத் தப்பாக எழுதினவர் இப்போது வந்து பார்த்தால், எழுத்து சரிதானே என்று சண்டைக்கு வருவார். போன வாரம் மீசையைச் செதுக்கிக்கொள்ளப் போனபோது, பழக்கதோஷத்தில், “இது... அட்டன்... சவரிமுத்து...” என்று தொடங்கினேன். கத்தரி பிடித்திருந்த பையன், “யாருண்ணே அது?” என்று கேட்டான். அவருடைய குரல் கடல் தாண்டிப் போனவர்களின் தட்டுகளிலும், அவர்கள் விட்டுப்போன வீடுகளின் தட்டுகளிலும் எங்கெங்கோ கிடக்கும். எங்கள் தட்டில்தான் இல்லை.

அத்தையைப் பற்றி, அவள் போன தஞ்சாவூர்ப் பக்கம் போய்வந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று. ஒருவருக்கும் தெரியவில்லை. பாக்கியம் இப்போது தலையில் கம்பளி போட்டுக் கொழுந்துக்குப் போகிறாள். கணக்கப்பிள்ளை ஐயா மாற்றலாகிப் போகும்போது, கைப்பிடி கழன்ற அந்தக் கிராமபோனை எங்களுக்கே விட்டுப் போனார். நான் அதில் ஒரு ஆணியைச் சொருகிச் சுற்றக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் பாதியில் விட்டதற்கு அந்த ஒரு கெட்டிக்காரத்தனம் மிச்சம்.

போன ஞாயிற்றுக்கிழமை வெளியே மழை. பாக்கியம் நனைந்த கம்பளியை அடுப்புக்கு மேலே போட்டுவிட்டு, தட்டை எடுத்துக் கொடுத்தாள். சுற்றினேன். பாட்டு முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. கிறீச் என்ற கயிற்றுச் சத்தம்கூட இல்லை. வெறும் இரைச்சல். தட்டில் ஒளிந்திருப்பது மழையா, கூரையில் விழுவது மழையா என்று பிரிக்க முடியவில்லை. பாக்கியம் மட்டும் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, எங்கெங்கே எந்தச் சொல் என்பது போல உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். ஓர் இடத்தில் உதடு நின்றது. அத்தை கேள்வி கேட்கிற இடம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

“என்னா, தூங்கிட்டியா?” என்று கேலி செய்யத்தான் வாயைத் திறந்தேன்.

பாக்கியம் கண்ணைத் திறக்காமலே உதட்டில் விரலை வைத்து, “உஷ்” என்றாள்.